பனிநாட்டுப் புயலும் நம்ம ஊர்ப் புயலும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக மல்லாட்டை, நெல், கரும்பு என்று பேசுகிறவன் நான். இன்றைக்குப் புயலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் முதலில் நம்ம ஊர்ப் புயல் இல்லை, பனி கொட்டுகிற நாடுகளில் அடிக்கிற புயல். அதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகுது என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர்ப் புயல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நன்றாக விளங்கும்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு கேள்வி. திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி உங்களுக்குத் தெரியும். கார்த்திகை கழிந்தால் மாசி வரைக்கும் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். ஆசிரமத்துக்கென்றே வருகிறவர்கள் உண்டு, தங்கள் ஊர்க் குளிருக்குத் தப்பி வருகிறவர்களும் உண்டு. அந்தப் பகுதியில் வீடுகளுக்குப் பால் ஊற்றுகிற விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், எங்க வாடிக்கை வீட்டுல தங்கியிருக்கிற அம்மா செல்போன்ல ஒரு படம் காட்டினாங்க. அவங்க ஊர்ல புயலாம். கூரையெல்லாம் பிச்சிக்கிட்டுப் போயிருக்குது. கீழ பார்த்தா பனிக்கட்டியா கெடக்குது. புயல் வரணும்னா கடல் சூடாகணும்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க? அந்தக் குளிருல ஏது சார் சூடு?"

நியாயமான கேள்வி. படித்தவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. எல்லாப் புயலும் ஒரே சாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் நம்ம புயலைப் பார்த்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் உருவாகிறதே, அதற்குத் தீனி கடல் உஷ்ணம். கடல் நீர் மேற்பரப்பில் சுமார் 26.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்க வேண்டும். மேலாக மட்டும் சூடாக இருந்தால் போதாது, கீழே 50 மீட்டர் ஆழம் வரைக்குமாவது அந்தச் சூடு வேண்டும். அதிலிருந்து கிளம்புகிற ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. ஆவி தண்ணீராக மாறும்போது, அது கடலில் வாங்கிக்கொண்டு வந்த உஷ்ணத்தை வெளியே விட்டுவிடும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கை சுடுகிறது பாருங்கள், அதே சமாசாரம். அந்த உஷ்ணம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே காலியான இடத்துக்கு நாலு பக்கமிருந்தும் காற்று பாய்கிறது, வரும்போதே இன்னும் ஆவியைச் சுமந்து வருகிறது. இப்படித் தன் தீனியைத் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு வளர்கிறது. கரை ஏறினால் ஆவி கிடைக்காது. ஆகவே காற்று சீக்கிரமே ஒடுங்கிவிடுகிறது.

பனிநாட்டுப் புயலுக்குத் தீனி இது இல்லை. அது வாழ்வது வித்தியாசத்தில்.

வித்தியாசம் என்றால், ஒரு பக்கம் குளிர்காற்று, இன்னொரு பக்கம் வெப்பக்காற்று. இன்று சென்னையில் 30 டிகிரி என்றால் கன்னியாகுமரியிலும் கிட்டத்தட்ட அதேதான். 600, 700 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் நம்ம பக்கத்தில் காற்றுக்குக் காற்று பெரிய பேதமில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் அப்படி இல்லை. துருவத்திலிருந்து இறங்கி வருகிற காற்று உறைநிலைக்கும் கீழே இருக்கும். தெற்கே கடல் மேலிருந்து வருகிற காற்று 15 டிகிரி இருக்கும். இரண்டும் ஒரு வேலியை வைத்தது போல எதிரெதிரே நிற்கும்.

குளிர்காற்று கனம், வெப்பக்காற்று இலேசு. உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்தால் முதலில் சில்லென்று படுவது முகத்திலா, காலிலா? காலில்தான். குளிர்காற்று தரையோடு தரையாக வெளியே வழியும், வெளிக்காற்று மேலே மேலே உள்ளே போகும். கனமானது இறங்க, இலேசானது ஏற, அந்த இறக்கத்திலிருந்து ஒரு சக்தி கிடைக்கிறது.

வயதானவர்களுக்குக் கவலை ஏற்றம் நினைவிருக்கும். மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும், அந்த இறக்கத்தின் பலத்தில் சால் தண்ணீரோடு மேலே வரும். பனிநாட்டுப் புயலில் குளிர்காற்றுதான் மாடு. அது இறங்க இறங்க வெப்பக்காற்று மேலே போகிறது, நடுவில் கிடைக்கிற சக்தி காற்றின் வேகமாக மாறுகிறது. கடலுக்குக் கொதிப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆவியின் உஷ்ணமும் உதவிக்கு வரும், ஆனால் அங்கே அது வேலைக்காரன்தான், எஜமான் இல்லை. குளிர்காலத்தில்தான் வடக்குக்கும் தெற்குக்கும் பேதம் அதிகம். ஆகவே குளிர்காலம்தான் அவர்களுக்குப் புயல் காலம்.

அப்படியானால் குளிர்காற்று ஒரேயடியாக வழிந்து வெப்பக்காற்றுக்கு அடியில் போய்ப் படுத்துவிட வேண்டியதுதானே, புயலாக ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். பூமி சுற்றுகிறதே, அதுதான் விடவில்லை. பூமியின் சுழற்சி, ஓடுகிற காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். நிலநடுக்கோட்டில் இந்தத் திருப்புதல் இல்லவே இல்லை. நாம் இருக்கிற 12 டிகிரி அட்சரேகையில் கொஞ்சம் உண்டு. இங்கிலாந்து இருக்கிற 50 டிகிரிக்கு மேலே போனால் நம்மைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். அதனால் தெற்கே வழிய வேண்டிய காற்று திரும்பி, எல்லையோடு ஓடத் தொடங்குகிறது. அந்த எல்லைக்கு மேலே, 9, 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலேயும் போகும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வருகிற விமானம் சீக்கிரம் வந்து சேர்வதும் திரும்பிப் போகிற விமானம் தாமதமாவதும் இதனால்தான்.

ஆறு என்றால் வளையும். இந்தக் காற்றாறும் வளைகிறது. ஒரு இடத்தில் தெற்கே குழிந்து வரும், அடுத்து வடக்கே மேடேறும். குழிவுக்குக் கிழக்கே மேல்காற்று விரிந்து வெளியேறுகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்கள் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்று கொடுப்பது குறைச்சல், மோட்டார் இழுப்பது அதிகம் என்றால் மட்டம் இறங்கும், இல்லீங்களா? அதுபோலத்தான். மேலே வெளியேறுகிற காற்று அதிகம், கீழே வந்து சேருகிற காற்று குறைவு. நம் தலைக்கு மேலே நிற்கிற காற்றின் பாரம்தான் காற்றழுத்தம். பாரம் குறைந்தால் அழுத்தம் இறங்கும். இறங்கிய இடத்தைச் சுற்றிக் காற்று சுழலும். சுழல்கிற காற்று ஒரு பக்கம் குளிரைத் தெற்கே தள்ளுகிறது, மறுபக்கம் வெப்பத்தை வடக்கே தள்ளுகிறது. அதனால் மேலே உள்ள குழிவு இன்னும் ஆழமாகிறது. குழிவு ஆழமானால் மோட்டார் இன்னும் வேகமாக இழுக்கிறது. மேலும் கீழும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வளர்கிற புயல் இது. இப்படித்தான் வளர முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜூல் சார்னி, 1947இல். இங்கிலாந்தில் எரிக் ஈடி, 1949இல்.

சாதாரணமாக இது ஓரிரண்டு நாளில் நிதானமாக வளரும். சில சமயம் வெறிபிடித்தாற்போல வளர்ந்துவிடும். ஒரே நாளில் அழுத்தம் 24 மில்லிபார் அளவுக்கு இறங்கினால் அதற்கு 'வெடிகுண்டு' என்றே பெயர். சாண்டர்ஸ், கியாகும் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980இல் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் ஜப்பானுக்கு அருகிலும் இது அதிகம். காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம். உறைந்து கிடக்கிற கண்டம் ஒரு பக்கம், ஒட்டினாற்போல வெப்ப நீரோட்டம் ஓடுகிற கடல் இன்னொரு பக்கம். வித்தியாசம் அங்கேதான் அதிகம்.

ஆழத்தில் இவை நம்ம புயலுக்குக் குறைந்தவை அல்ல. சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் நடு அழுத்தம் 912 மில்லிபார் என்று கணித்தார்கள். 1993 ஜனவரியில் வட அட்லாண்டிக்கில் உருவான ஒரு குளிர்காலப் புயல் 914 வரைக்கும் இறங்கியது. ஆழம் ஒன்றுதான், ஆனால் ஒடிசாப் புயலில் காற்றின் வேகம் மிக மிக அதிகம். ஏனென்றால் ஒன்று கிணறு, இன்னொன்று ஏரி. கிணற்றின் பக்கச்சுவர் செங்குத்து, ஏரியின் கரை சரிவு. நம்ம புயலில் சீற்றமெல்லாம் நடுவைச் சுற்றி ஒரு வளையத்தில் இருக்கும். பனிநாட்டுப் புயல் 1000, 2000 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். ஒரே புயலில் ஒரு நாட்டில் மழை, அடுத்த நாட்டில் பனி, அதற்கடுத்த நாட்டில் கடல் ஊருக்குள் வருவது எல்லாம் நடக்கும்.

இந்த விஷயத்தையெல்லாம் முதலில் தெளிவுபடுத்தியவர்கள் நார்வே நாட்டுக்காரர்கள், அதுவும் விவசாயிகளுக்காக. முதல் உலக யுத்தத்தின்போது நார்வே நடுநிலை நாடு. யுத்தம் செய்கிற நாடுகள் வானிலைத் தகவலை ரகசியமாக்கிவிட்டன, கப்பல் தகவலும் நின்றுபோயிற்று. உணவுத் தட்டுப்பாடு வேறு. விளைந்த தானியத்தை மழையில் விடக்கூடாது என்று 1918 கோடையில் பெர்கன் நகரத்தில் வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற பேராசிரியர் விவசாயிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க ஆரம்பித்தார். வெளியிலிருந்து தகவல் வராததால் மேற்குக் கரை நெடுகப் பார்வையாளர்களைப் பல மடங்கு அதிகமாக வைத்தார். அவ்வளவு நெருக்கமாகக் கணக்கெடுத்தபோதுதான் குளிருக்கும் வெப்பத்துக்கும் நடுவில் ஒரு கூர்மையான எல்லை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய மகன் ஜேக்கப் 1919இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த எல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் போர்முனை என்பதைக் குறிக்கிற சொல். யுத்த காலம் அல்லவா, அந்தச் சொல்தான் வாயில் வந்திருக்கிறது! நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் இந்தப் படத்தைப் பரீட்சைக்காக வரைந்திருக்கிறேன். அறுவடைக்காகக் கண்டுபிடித்தது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தப் புயல்கள் செய்த சேதத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் விவசாயத்தைத் தொட்டவை.

1953 ஜனவரி 31 இரவு, வடகடலில் ஒரு குளிர்காலப் புயல் வடமேற்கிலிருந்து தண்ணீரைத் தெற்கே தள்ளியது. அந்தக் கடல் தெற்கே போகப்போகப் புனல் மாதிரி குறுகும். அன்று பெருவேலையும் சேர்ந்துகொண்டது. ஹாலந்தில் கடல் அணைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தில் 307 பேர். ஆடுமாடுகள் ஏராளம். தண்ணீர் வடிந்த பிறகு வயல் முழுக்க உப்பு. அந்த நிலங்களைத் திருத்த ஹாலந்துக்காரர்கள் ஜிப்சம் போட்டார்கள். உப்பு, உவர் நிலம் என்றால் நாம் சொல்கிற அதே ஜிப்சம்தான்.

இரண்டாவது, 1987 அக்டோபர் 15 இரவு முதல் 16 காலை வரை தெற்கு இங்கிலாந்தில் அடித்த புயல். அங்கே 18 பேர் இறந்தார்கள், ஒரு கோடியே 50 லட்சம் மரங்கள் விழுந்தன. மரங்களில் இலை உதிராத சமயம், முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. காற்று பிடிக்க இலை இருக்கிறது, வேருக்குப் பிடி இல்லை. 2018இல் கஜா புயலில் டெல்டாவில் தென்னைகள் சாய்ந்ததை நாம் பார்த்தோமே, மரம் வைத்திருக்கிறவனுக்கு அந்த வேதனை எந்த நாட்டிலும் ஒன்றுதான். அந்த இங்கிலாந்துப் புயல் இவ்வளவு உக்கிரமாக அடிக்கும் என்று முன்னறிவிப்பு சொல்லவில்லை. உக்கிரத்துக்கு ஒரு காரணத்தைக் கீத் பிரௌனிங் என்ற விஞ்ஞானி 2004இல் எழுதினார். மேலேயுள்ள காற்றுக்குள் மழையும் பனியும் விழுந்து ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. ஈரச்சாக்கு சுற்றிய பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி. கனத்த காற்று புயலின் வால் பக்கத்தில் தரையை நோக்கிச் சரிந்து விழுகிறது. தேளுக்கு வாலில் விஷம் இருப்பது போல என்று அவர் அதை வர்ணித்தார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி பார்த்தால் அது வெப்பநாட்டுப் பெரும்புயல் இல்லை. ஆனால் பெயர் என்னவாக இருந்தால் என்ன, ஒன்றரைக் கோடி மரம் விழுந்தது விழுந்ததுதான். இதே விஷயம் நம்ம ஊரில் வேறு மாதிரி நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவுக்குள்ளேயே பனிநாட்டுப் புயலின் தம்பிகள் வருகின்றன. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி காஷ்மீர், பஞ்சாப் வரைக்கும் குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். பாதி வழியும் தரை மேலேதான் பயணம். கடல் உஷ்ணத்தை நம்பிய புயலாக இருந்தால் ஈரான் மலையிலேயே செத்திருக்கும். இவை மேல்காற்றாற்றின் வளைவோடு வருகிறவை, அதனால்தான் இவ்வளவு தூரம் தாங்குகின்றன. வானிலைக்காரர்கள் இதற்கு 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஞ்சாப் விவசாயி கேட்டால் சிரிப்பார். அவருடைய கோதுமைக்கு மார்கழி, தை மாதத்தில் கிடைக்கிற மழையே இந்த இடையூறு கொடுப்பதுதான். இமயமலையில் பனி சேர்வதும் இதனால்தான். அதே மழை பங்குனியில் வந்தால் முற்றிய கோதுமை சாய்ந்துவிடும். 2014 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் மகாராஷ்டிரத்துப் பல மாவட்டங்களில் ஆலங்கட்டி மழை பெய்து கோதுமை, திராட்சை, மாதுளை, வெங்காயம் எல்லாம் நாசமாயின. வடக்கேயிருந்து வந்த குளிர்காற்றும் கடலிலிருந்து வந்த ஈரக்காற்றும் அங்கே மோதியதன் விளைவு அது. மகாராஷ்டிரத்து வெங்காயத்துக்கு ஒன்று என்றால் திருவண்ணாமலைச் சந்தையில் விலை பேசுகிறது. நாம் இந்தப் புயலை நேரில் பார்ப்பதில்லை, கடைத்தெருவில் பார்க்கிறோம்.

வங்கக் கடலுக்கும் அந்த வடக்கத்திக் காற்றின் கை நீளுகிறது. நம்ம புயல் வளர வேண்டுமானால் அடியிலிருந்து உச்சி வரை ஒரே தூணாக நிமிர்ந்து நிற்க வேண்டும். மேல்காற்று ஒரு பக்கமும் கீழ்க்காற்று ஒரு பக்கமும் இழுத்தால் தலை வேறு, உடம்பு வேறு ஆகிவிடும். உலர்ந்த குளிர்காற்று உள்ளே புகுந்தால் மேகம் கரைந்துவிடும். அடுப்பில் ஈரவிறகை வைத்த கதைதான். 2013 டிசம்பரில் 'மாதி' என்ற புயல் இப்படித்தான் ஆயிற்று. அதிதீவிரமாகி வடக்கே வடக்கே போனது. அங்கே மேல்காற்றும் உலர்காற்றும் அதைப் பதம் பார்த்துவிட்டன. மிச்சமிருந்த உடம்பு தென்மேற்கே திரும்பி, டிசம்பர் 12ஆம் தேதி வேதாரண்யம் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரை ஏறியது. ஆந்திராவுக்குப் போகிறது என்று நினைத்த புயல் நம்மிடம் திரும்பி வந்தது. "வானிலைக்காரன் சொன்னது பொய்" என்று டீக்கடையில் பேசினோம். பொய் இல்லை. மேலே நடக்கிற இழுபறி மணிக்கு மணி மாறுகிறது, அதற்கேற்ப அறிவிப்பும் மாறுகிறது. மாறுகிற அறிவிப்பைக் கடைசி வரைக்கும் கேட்கிறவன்தான் பிழைத்துக்கொள்வான்.

இப்போது நம் எல்லோருக்கும் தெரிந்த ஃபெஞ்சல் புயலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் கடைசி வாரத்தில் அது இலங்கைக்கு அருகே நாட்கணக்கில் தயங்கித் தயங்கி நின்றது. புயலாகுமா ஆகாதா என்று அறிவிப்புகள் மாறின. 29ஆம் தேதி பிற்பகல் புயலாயிற்று. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 80, 90 கிலோமீட்டர் அளவில்தான். கஜாவோடு ஒப்பிட்டால் சாதாரணப் புயல். 'அவ்வளவுதான், கடந்து போச்சு' என்று பல பேர் படுத்துத் தூங்கினார்கள்.

ஆனால் அது போகவில்லை. புயல் தானாக நடப்பதில்லை, சுற்றியிருக்கிற மேல்காற்று தள்ளினால்தான் நகரும். பனிநாட்டுப் புயலுக்கு இந்தக் குறை இல்லை, காற்றாறு அதை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். நம்ம புயலுக்கு அன்றைக்குத் தள்ளுகிற காற்று பலவீனமாக இருந்தது. புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஈரம் வந்துகொண்டே இருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. மழை. அடுத்த நாள் காலைக்குள் உள்நாட்டில், கடலே தெரியாத ஊத்தங்கரையில் 50 செ.மீ. இதற்கு நடுவில் இருப்பது நம்ம மாவட்டம்.

டிசம்பர் 1ஆம் தேதி பகலிலேயே புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது. அன்று மாலைதான் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லாமல் போனதும் அதனால்தான். டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறக்க வேண்டி வந்தது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் வரைக்கும் என்ன ஆயிற்று என்பது அந்தப் பக்கத்து உழவர்களுக்குத் தெரியும். பயிர் போனது ஒரு பக்கம், வயலில் மணல் மூடியது இன்னொரு பக்கம்.

இதெல்லாம் நடந்தது புயல் 'வலுவிழந்த' பிறகு. வலுவிழந்தது என்பது காற்றின் வேகத்தைப் பற்றிய வார்த்தை. தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று தரம் பிரிப்பதெல்லாம் காற்றை வைத்துத்தான், மழையை வைத்து இல்லை. கரை ஏறியதும் கடலிலிருந்து தீனி குறைந்து காற்று படுத்துவிடும், ஆனால் ஏற்கெனவே சுமந்து வந்த ஈரம் எங்கே போகும்? மலை குறுக்கே நின்றால் காற்று ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் கொட்டித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தில் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம் என்று சொன்னேனே, இங்கேயும் அதேதான். அங்கே காற்றில் நடந்தது, இங்கே தண்ணீரில் நடந்தது.

ஆகவே அறிவிப்பைக் கேட்கும்போது அது புயலா இல்லையா என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு வேகமாக நகருகிறது என்று கேளுங்கள். 'அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது' என்ற ஒரு வரி வந்தால், அது 'அதிதீவிரம்' என்ற சொல்லைவிட நமக்குப் பயங்கரம். மழை அளவுக்கான எச்சரிக்கை தனியாக நிறத்தோடு வரும். சிவப்பு என்றால், காற்று அடங்கினாலும் அது விலக்கப்படும் வரைக்கும் சிவப்புதான்.

வயல் வேலையில் என்ன செய்வது? சம்பா நெல்லில் வடிகால் வெட்டிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததே, ஆனால் புயல் கடந்ததென்று வரப்பை அடைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் திறந்தே இருக்கட்டும். மழைக்கு முன்னால் யூரியா போடவே வேண்டாம், சாத்தனூர்த் தண்ணீரோடு கடலூருக்குப் போய்ச் சேரும். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் மஞ்சளாக நின்றால், ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். மல்லாட்டை முற்றி நிற்கிறது என்றால், மழைக்கு முன்னால் ஒரு நாள் வெயில் கிடைத்தாலும் பிடுங்கிவிடுவது நல்லது. கொத்து ரகத்துக்கு உறக்கக் காலம் கிடையாது, ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கியதைக் களத்துப் பள்ளத்தில் குவிக்காமல் மேட்டில் வையுங்கள்.

கிரிவலப் பாதையை ஒட்டியும் மலையடிவாரத்திலும் மாடு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ரமணாசிரமம் பக்கத்தில் மலையிலிருந்து வருகிற ஓடைகள் வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடப்பதால், அது ஓடை என்பதையே மறந்துவிட்டு, கொட்டகையும் வைக்கோல் போரும் அதிலேயே போட்டிருக்கிறோம். தண்ணீர் மறக்காது. சமுத்திரம் ஏரிக்குப் போகிற பழைய வழி எது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். அந்த வழியில் கட்டியிருக்கிற மாட்டை மழை தொடங்குவதற்கு முன்பே, வெளிச்சத்திலேயே மாற்றிக் கட்டுங்கள். மலைச்சரிவில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலும், தெளிந்து வந்த ஊற்று திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினாலும், மரம் சாய்ந்து நின்றாலும், அதற்குக் கீழே இருக்கிற வீட்டில் அன்று ராத்திரி தங்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்திலோ உறவுக்காரர் வீட்டிலோ போய்ப் படுங்கள். மழை விட்ட பிறகும் ஒரு நாள் பொறுத்துத் திரும்புங்கள். ஊறிய மண் வெயிலைப் பார்த்ததும் இறுகிவிடாது.

அடுத்த வாரம் மல்லாட்டையில் டிக்கா இலைப்புள்ளி நோயைப் பற்றிப் பேசலாம். வணக்கம்.